கண்ணுக்குக் கரு

போன வாரம் ஐயாத்துரை ஒரு புதுக் கண் கிளினிக்கிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே நின்று சிரித்தார். விவியன் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஏழு வருடமாகிறது. மாமனார் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள்தான். பிறகு நானே பேப்பர் படிப்பன்" என்றார். எப்படி என்று அவள் கேட்டதற்கு அவரும் பதில் சொல்லவில்லை, அவள் கணவன் ஹரிஷாந்தும் சொல்லவில்லை. ஹரிஷாந் அவசரமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அந்த அவசரத்தின் அர்த்தம் வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தது.

விவியன் அப்போது கூரியர் அலுவலகத்தின் முகப்பில் இருந்தாள். பம்பளிமாஸ் பெட்டி ஒன்றை ஜொகூருக்கு அனுப்ப வந்த ஒரு சீனத்து அம்மாள் எதிரில் நின்றாள். விவியன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மிசஸ் விவியன்? நான் கலாதேவி பேசுறேன். கருத்தரிப்பு மையத்துலேர்ந்து."

அந்தக் குரலை மறக்க முடியுமா? மாதக்கணக்கில் அவள் வயிற்றில் ஊசி போட்ட நர்ஸ்.

"சொல்லுங்க அக்கா."

"உங்க எம்பிரியோ மூணையும் வேற இடத்துக்கு மாத்தணும்னு உங்க வீட்டுக்காரர் கேட்டிருக்காரு. திங்கக்கிழமை நீங்க ரெண்டு பேரும் நேர்ல வந்து சம்மதம் சொன்னாத்தான் நாங்க வெளிய எடுப்போம். ஆனா அவரு சொன்ன இடம்..." கலாதேவி குரலைத் தாழ்த்தினாள். "அது புள்ளை உண்டாக வைக்கிற இடம் இல்லம்மா. கண்ணுக்கும் முட்டிக்கும் ஊசி போடுற கிளினிக்கு. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுடச் சொன்னாரு டாக்டரு."

டேப் சுருள் விவியனின் கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டது.

"யாரும் எதையும் தொடக்கூடாது அக்கா" என்றாள். அவள் சத்தம் போட்டதில் பம்பளிமாஸ் அம்மாள் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தாள்.

அவை ஐந்தே நாள் வளர்ந்த கருக்கள். ஒவ்வொன்றும் பேனா முனையால் வைத்த புள்ளியைவிடச் சிறியது. மைனஸ் குளிரில், நைட்ரஜன் தொட்டிக்குள், மூன்று வருடமாக உறைந்து கிடக்கின்றன. அவற்றோடு சேர்ந்து உருவான மற்ற கருக்களில் இரண்டு அவள் வயிற்றில் ஒட்டவே இல்லை. ஒன்று ஒட்டியது, மூன்றாம் மாதம் போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி விவியன் சொன்னாள்: "இப்ப போதும், ஹரி." 'போதும்' அவன் காதில் விழுந்திருக்கிறது. 'இப்ப' விழவில்லை.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். சுண்ணாம்பு மலைகள் வெயிலில் வெளுத்து நின்றன. குனோங் ராபாட் முச்சந்தியில் சிவப்பு விளக்கை அவள் கவனிக்கவில்லை. பின்னால் ஒரு லோரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான்.

*

வீட்டு முன்னால் ஹரிஷாந் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் வேலைக்குப் போகவில்லை.

"நீ ஏன் இந்த நேரத்துல..."

"மூணையும் யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

அவன் துணியை மடித்தான். மறுபடியும் பிரித்தான். "உள்ள வா. தெருவுல நின்னு பேசாத."

"தெருவுக்குத் தெரிஞ்சா என்ன? எனக்குத்தான் தெரியக்கூடாதுன்னு நெனச்சிருக்கீங்க."

கூடத்தில் ஐயாத்துரை தன் நாற்காலியில் இருந்தார். பேராக் மாநிலம் முழுக்க நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்வையின் நடுவில் இப்போது ஒரு கறுப்பு வட்டம். ஓரங்கள் மட்டும் தெரியும், வலது கண்ணில் கொஞ்சம் கூடுதலாக. ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் தோளுக்கு அப்பால் பார்க்க வேண்டும். வயதானால் சிலருக்கு வருகிற விழித்திரை நோய், இதற்குமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் அதை ஏற்கவில்லை.

ஹரிஷாந் நின்றபடியே சொல்லி முடித்தான். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் செல்கள் செத்துவிட்டன. கருவில் இருக்கும் ஸ்டெம் செல் உடம்பில் எதுவாகவும் மாறும். கண் செல்லாக மாற்றி ஊசியில் ஏற்றினால் பார்வை திரும்பும். அதுவும் சொந்த ரத்தத்துக் கருவாக இருந்தால் அப்பாவின் உடம்பு மறுக்காமல் ஏற்கும். கிளினிக் டாக்டர் சொன்னார்.

"அதுங்க சும்மாதானே கிடக்குது, விவி. நீதானே போதும்னு சொன்னே."

"இப்ப போதும்னு சொன்னேன்."

"ரெண்டு வருஷமாச்சு. இந்த 'இப்ப' எப்ப முடியும்?"

"அது என் புள்ளைங்க, ஹரி!"

ஐயாத்துரை முகத்தைத் திருப்பி, அவளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அப்படியென்றால் அவளைப் பார்க்கிறார் என்று பொருள்.

"அதுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. கடுகிலும் சின்னன். அதுக்காக இருக்கிற மனுசன் குருடாக் கிடக்க வேணுமோ?"

"மாமா, அது உயிரு."

"பெத்தவள்தான் பிள்ளை எண்டு கதைக்கலாம்."

விவியன் கணவனைப் பார்த்தாள். 'அப்பா' என்று ஓர் அதட்டல் போதும் அவளுக்கு. ஹரிஷாந் கையிலிருந்த ஈரத் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"சரி லா" என்றாள் விவியன். "பெக்காதவதான். தோட்டத்து லயத்துல பொறந்தவதான். வேதக்காரிதான். இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தா அதையும் சொல்லிடுங்க மாமா, ஒரேடியாக் கேட்டுக்கிறேன். ஆனா திங்கக்கிழமை நான் வர மாட்டேன். என் சம்மதம் இல்லாம அவங்க தொட்டியத் திறக்க மாட்டாங்க."

"உங்கட தோட்டத்தைத் துண்டு துண்டா அளந்து கல் நட்டவன் நான்" என்றார் ஐயாத்துரை. "அப்பவும் உப்பிடித்தான் கொஞ்சப் பேர் குறுக்க நிண்டு கத்தினவை. கல் நட்டாச்சு."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கியவள் மாதுமை, ஹரிஷாந்தின் அக்கா. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கருவிலிருந்து பல வருடங்களுக்கு முன்பு எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களை விழித்திரைச் செல்களாக மாற்றுவதுதான் அவள் வேலை. தம்பி கோயிலில் தாலி கட்டாமல் தேவாலயத்தில் மோதிரம் மாற்றினான் என்பதற்காகக் கல்யாணத்தன்று காரைவிட்டு இறங்காதவள். அதற்குப் பிறகு அவளும் விவியனும் 'சாப்பிட்டாச்சா' என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

விவியன் வாசலிலேயே அவளை மறித்தாள்.

"சந்தோஷமா அண்ணி? உங்க லேப்புக்கு வேண்டிய சாமான் இப்ப உங்க தம்பி வீட்டுலயே கெடச்சிடுச்சு."

"என்ன பேசுறே? கண் டாக்டர்கிட்ட வந்து பேசுன்னு அப்பா கூப்பிட்டாரு, வந்தேன்."

"எந்த டாக்டர்னு கேட்டீங்களா? எதை ஊசியில போடப் போறான்னு கேட்டீங்களா?"

மாதுமை தம்பியைப் பார்த்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் கறுத்தது. கைப்பையைச் சோபாவில் எறிந்தாள்.

"மடையா! பொறியாளர் வேலை பார்க்கிறியே, மூளைய எங்க கழட்டி வச்சே? கரு எடுத்து ரெண்டு வாரத்துல கண்ணு செல்லு பண்ணிடுவானாமா? மாசக்கணக்குல வளர்க்கணும். ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கணும். நாங்க ஒரு கூட்டமே சேர்ந்து வருஷக்கணக்கா இதோட மல்லுக்கட்டுறோம். அவன் கடைவீட்டு மாடியில பண்ணப் போறானா?"

"நீதான் சொன்னாய், பிள்ளை" என்றார் ஐயாத்துரை. "தீபாவளிக்கு வந்து இதே நாற்காலிக்குப் பக்கத்தில இருந்து சொன்னாய். கருச் செல்லால கண்ணைத் திருத்தலாம் எண்டு."

"வெளிநாட்டுல சோதனை நடக்குது, சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரியுதுன்னு சொன்னேன்."

"அதில என்னைச் சேர் எண்டு கேட்டன். நீ சேர்க்கேல்லை."

"உங்களுக்குக் கண்ணுக்குள்ள தழும்பு ரொம்பப் பரவிடுச்சுப்பா. எடுக்க மாட்டாங்க. நான் கேட்டேன்."

"நீ கேட்டிருக்க மாட்டாய். ஊரான் கண்ணைத் திருத்தினால் பேர் வரும். அப்பன்ரை கண்ணைத் திருத்தி உனக்கு என்ன வரப் போகுது?"

மாதுமை சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். விவியன் பின்னாலேயே வந்து நின்றாள். ஆறுதல் சொல்லவா? இல்லை.

"நீங்க மட்டும் என்ன செய்றீங்க அண்ணி? உங்க லேப்ல வளருற செல்லும் ஒரு கருவக் கொன்னு எடுத்ததுதானே?"

"குடுத்தவங்க தெரிஞ்சு குடுத்தாங்க. அவங்களுக்குப் பிள்ளைங்க பொறந்து, மிச்சம் இருந்தது. இல்லாட்டி குப்பைக்குப் போயிருக்கும். அந்த ஒரு கருவிலேர்ந்து எடுத்த செல் இன்னிக்கும் வளருது. எத்தனை பேரு கண்ணுக்கு அதுல வழி தேடுறோம் தெரியுமா?"

"குப்பைக்குப் போறது தப்புன்னா, வெட்டிப் பார்க்கிறது சரியாயிடுமா?"

"உன் சாமி வந்து அப்பா கண்ணத் திறந்து விட்டிருந்தா நான் லேப்ல உக்காந்திருக்க வேண்டாம், விவியன்."

"எங்க சாமிய இழுக்காதீங்க."

"அப்ப என் வேலையையும் இழுக்காதே." மாதுமை கிளாசைத் தொட்டியில் வைத்த வேகத்தில் அது விரிசல் விட்டது. "ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. உன்னோடத நீ குடுக்காம எவனும் தொடக்கூடாது. அது எங்க வேலையில மொதல் விதி. உன்னைப் பிடிச்சுப்போய் இதைச் சொல்லல."

"எனக்கும் ஒண்ணும் உங்கள பிடிச்சுப் போகல" என்றாள் விவியன்.

*

மாலைக்கு முன் நால்வரும் ஒரே காரில் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் நேரில் விளக்கினால் விவியன் இறங்கி வருவாள் என்று ஹரிஷாந் நம்பினான். அந்த ஆளின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்காக விவியன் போனாள்.

மாடிப்படி ஏறியதும் லாவண்டர் மணம். சுவரில் சிரிக்கும் கிழவர்களின் படங்கள். டாக்டர் அர்ச்சுனனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. குரல் வெண்ணெயாக இருந்தது.

"வாங்க அங்கிள். இதுதான் மருமகளா? மேடம், உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா ஒரு குடும்பம் தன் தாத்தாவுக்குக் குடுக்கிற..."

"நான் சில கேள்வி கேக்கணும்" என்று மாதுமை குறுக்கிட்டாள். தான் யார், என்ன வேலை என்று சொன்னாள். டாக்டரின் புன்னகை அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் கதவுப் பக்கம் போய்த் திரும்பின.

"கருவிலேர்ந்து எடுத்ததை எந்த லேப்ல வளர்ப்பீங்க?"

"எங்களுக்கு ஒரு பங்காளி லேப் இருக்கு. பேர் வெளிய சொல்றதில்ல."

"விழித்திரைச் செல்லா மாறிடுச்சான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"முழுசா மாத்த வேண்டிய அவசியமே இல்ல டாக்டர் மாதுமை. உடம்புக்கு அறிவிருக்கு. எங்க பழுதோ அங்க போய் அதுவே சேர்ந்துக்கும்."

மாதுமை அவனை விட்டுவிட்டுத் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கேட்டுக்குங்க. மாறாத கருச் செல் எதுவாவும் மாறும்னா, எதுவாவும்தான். கண்ணுக்குள்ள தசையா வளரும். முடியா வளரும். எலும்பா, பல்லா வளரும். எலிக்கு ஊசி போட்டுப் பார்த்தா கட்டிக்குள்ள அப்படித்தான் இருக்கும். நான் என் கண்ணால பார்த்திருக்கேன். உங்களுக்கு ஓரத்துல தெரியுற வெளிச்சமும் போயிடும்."

"உண்மையா டாக்டர்?" என்றான் ஹரிஷாந்.

"ரொம்ப அபூர்வம்" என்றான் அர்ச்சுனன். இல்லை என்று சொல்லவில்லை.

ஹரிஷாந் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "வேணாம்பா. வாங்க போலாம். விவி குடுக்க வேணாம். நானும் குடுக்கல."

"அதுல ஒரு பிரச்சனையும் இல்ல" என்றான் டாக்டர், விட்டுவிட மனமில்லாமல். "உங்க குடும்பத்துதுதான் வேணும்னு இல்ல. எங்ககிட்ட தயாராவே செல் இருக்கு. அங்கிள் சரின்னா இன்னிக்கே போடலாம்."

விவியனுக்கு மூச்சு திரும்பியது. அவளுடைய மூன்று கருக்களும் தப்பித்துவிட்டன. கிழவர் எதைப் போட்டுக்கொண்டால் அவளுக்கென்ன? பெற்றவள்தான் பேசலாம் என்று சொன்ன வாய்தானே? எழுந்து படியிறங்கிப் போய்விடலாம். அப்படியொரு நினைப்பு வந்தது, வந்ததை அவளே பார்த்தாள். காது மடல்வரை சுட்டது.

"தயாரா இருக்குன்னா, அது யாரோடது?" என்று கேட்டாள்.

"மேடம்?"

"எந்தப் பொம்பளையோட கரு? அவளுக்குத் தெரியுமா அது இங்க இருக்குன்னு?"

"அதெல்லாம் ரகசியம் காக்க வேண்டிய விஷயம் மேடம்."

"ஆமாவா இல்லையா? தெரியுமா, தெரியாதா?"

அர்ச்சுனன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினான். விவியன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் சுகாதார அமைச்சுக்குச் சொல்லப் போறேன். போலீசுக்கும் சொல்லப் போறேன். மொதல்ல எனக்கு போன் பண்ணுன மையத்துக்குச் சொல்லப் போறேன், அவங்க தொட்டியில உள்ளத எண்ணிப் பார்க்கச் சொல்லி."

வெண்ணெய்க் குரல் இறுகியது. "தயவு செஞ்சு வெளிய போங்க."

"நான் போகேல்லை" என்றார் ஐயாத்துரை. "எனக்கு இண்டைக்கே போடுங்கோ."

ஹரிஷாந் தகப்பனின் கையைப் பிடித்தான். அவர் உதறினார். அவன் மறுபடியும் பிடித்தான், இந்த முறை விடவில்லை. படியிறங்கும் வரைக்கும் அவர் மகனைத் திட்டிக்கொண்டே வந்தார். பெண்டாட்டியின் சேலைக்குள் ஒளிந்தவன் என்றார். ஆண்பிள்ளை இல்லை என்றார். கீழே கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலை திருப்பிப் பார்த்தார்கள்.

*

வீடு வந்ததும் ஐயாத்துரை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாதுமை மேல்மாடிக்குப் போனாள். சமையலறையில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

"நான் சொன்னேன்ல அங்க, குடுக்கலன்னு" என்றான் ஹரிஷாந்.

"அவன் பல்லு முளைக்கும்னு ஒத்துக்கிட்டதும் சொன்னே. நான் புள்ளைங்கன்னு கத்தினப்ப சொல்லல."

அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவனும் அதைக் கவனித்தான்.

"உனக்கு என்ன தெரியும்? போன மாசம் அம்மா படத்தக் கையில வச்சுத் துடைச்சுக்கிட்டு, 'இது ஆருடா'ன்னு என்னைக் கேட்டாரு. அம்மா முகம் அவருக்குத் தெரியல விவி. நான் என்ன செய்யணும்? சும்மா பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"எங்கிட்ட அதைச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும்."

"அதுல பாதி எனக்கும் சொந்தம். ஞாபகம் வச்சுக்கோ."

"பாதிய வச்சு ஏமாத்தப் பார்த்தியே, அது உனக்கு ஞாபகம் இருக்கட்டும். இனிமே அந்த மையத்துல உன் பக்கத்து நாற்காலியில உக்கார என்னால முடியாது, ஹரி."

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் வரைக்கும் அவள் அசையாமல் நின்றாள். பிறகு விரிசல் விட்ட கிளாசைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டாள். முகம் கழுவிக்கொண்டு கருத்தரிப்பு மையத்துக்கு போன் போட்டாள்; அங்கே அடைத்துவிட்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, மாதுமை தகப்பனுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் தட்டினாள். திறந்தாள். கட்டில் காலி. குளியலறை காலி. பின்வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

"விவியன்! அப்பாவைக் காணோம்!"

பின்தெருவில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இருளாயி அக்கா நிமிர்ந்தாள். "ஐயாவா? கிராப் டாக்சியில போயி முக்கா மணி நேரமாச்சே. நான்தான் புக் பண்ணிக் குடுத்தேன். கண்ணு டாக்டர்கிட்ட எதையோ விட்டுட்டு வந்துட்டேன்னாரு. ஏன் விவி, தனியா அனுப்பியிருக்கக் கூடாதா?"

ஹரிஷாந்தின் போன் அடித்து அடித்து நின்றது. மாதுமையின் காருக்கு முன்னால், இருளாயியின் மகனுடைய லோரி குறுக்கே நின்றது. அவன் சாவியோடு கடைக்குப் போயிருந்தான்.

விவியன் மோட்டாரைக் கிளப்பி, இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினாள்.

"இதுலயா?" என்றாள் மாதுமை.

"நல்லாப் பிடிச்சுக்குங்க அண்ணி. விழுந்தா அந்தப் பழியும் என் தலையிலதான் விழும்."

வேலை விட்டுத் திரும்பும் வாகனங்கள் எதிரே வரிசையாக ஊர்ந்தன. விவியன் இடுக்குகளில் புகுந்து போனாள். மாதுமையின் விரல்கள் அவள் இடுப்புச் சதையில் அழுந்தின. வலித்தது. மெதுவாகப் போ என்று பின்னாலிருந்து ஒரு தடவை கூட குரல் வரவில்லை.

*

கிளினிக்கின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. இருவரும் குனிந்து நுழைந்து படியேறினார்கள். முகப்பிலிருந்த பெண் தன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

வெளிப் பெஞ்சில் ஐயாத்துரை உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு.

"ஆர் அது?" என்றார்.

மாதுமை அவர் முன்னால் மண்டியிட்டாள். "எந்தக் கண்ணுப்பா? எந்தக் கண்ணுல போட்டான்?"

"வலதில."

"அது நல்ல கண்ணுப்பா! அதுலதானே உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிஞ்சுது!"

"நல்ல கண்ணிலதான் கெதியாப் பிடிக்குமாம். டாக்டர் சொன்னவர்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கள் ஒருத்தரும் எனக்குத் தர வேண்டாம். நானே எடுத்துக்கொண்டன்."

"அவன் எங்க?" விவியன் அந்தப் பெண்ணைப் பிடித்தாள்.

"பின் படியால போயிட்டாரு அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் போன் எடுக்கிற ஆளுதான்."

மாதுமை எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிகிச்சை அறைக்குள் போய்ப் பெட்டியிலிருந்து கையுறை ஒன்றை உருவி மாட்டிக்கொண்டாள். மூலையிலிருந்த மஞ்சள் குப்பைத் தொட்டியைத் திறந்து உள்ளே குனிந்தாள். ஊசிகளை ஒதுக்கினாள். சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் கலங்கலாக ஒரு சொட்டு மிச்சமிருந்தது. குப்பியின்மேல் எந்த எழுத்தும் இல்லை.

"ஐஸ் வேணும். உடனே."

விவியன் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கீழே தண்ணிக்கடை சீனரிடம் ஐஸ் என்றாள். வேறெதுவும் சொல்ல வரவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அள்ளிப் போட்டுக் கொடுத்தார். மேலே வந்ததும் மாதுமை குப்பியை ஒரு கையுறைக்குள் முடிந்து பையில் இறக்கினாள். ஐஸ் பையை விவியன்தான் பிடித்திருந்தாள்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்" என்றாள் மாதுமை. "பெரிய ஆஸ்பத்திரியில இன்னிக்கே கண்ணைக் கழுவி எடுக்க முடியுமான்னு பார்க்கணும். இது வெறும் உப்புத் தண்ணியா இருந்தா நாம தப்பிச்சோம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி என்ன செல்லுன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

"அப்படியே யாரோட புள்ளைன்னும் கண்டுபிடிங்க."

மாதுமை வாயைத் திறந்தாள். காலையில் என்றால் அந்த வார்த்தைக்குச் சண்டைக்கு வந்திருப்பாள். இப்போது ஐஸ் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே பெஞ்சு கிரீச்சிட்டது.

"பிள்ளை..." ஐயாத்துரை கூப்பிட்டார். "கட்டுக்குள்ள கறுப்புக் கறுப்பா என்னமோ மிதக்குது. மற்றக் கண்ணிலயும் ஒண்டும் பிடிபடேல்லை. ஆரெண்டாலும் வாங்கோ."

ஐஸ் பையைக் கையிலிருந்து விடாமல், விவியன்தான் முதலில் நடந்தாள்.